நாய்க்கடிக்கு ஏன் ரெண்டு வகை ஊசி? வகுப்பில் எப்படி விளக்குவது?

பொருநைக்கரை (சேரன்மகாதேவி):
பன்னிரண்டாம் வகுப்புக்கு நோய்த்தடைகாப்புப் பாடம் நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. செயலாக்க நோய்த்தடைகாப்பு (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உடலே செய்வது), மந்தமான நோய்த்தடைகாப்பு (வெளியே தயாரான எதிர்ப்பொருளைப் பெறுவது) இரண்டையும் வேறுபடுத்தச் சொன்னால் பிள்ளைகள் அட்டவணையை அச்சு மாறாமல் எழுதிவிடுகிறார்கள். வெறிநாய்க்கடியை உதாரணமாக எடுத்தால்தான் தடுமாற்றம். "கையில தடுப்பூசி போட்டாச்சுல்லா, பொறவு எதுக்கு சார் கடிவாயில இன்னொரு ஊசி?" என்கிறான் ஒருவன். "அப்போ கடிவாய் ஊசி மட்டும் போதும்லா" என்கிறாள் இன்னொருத்தி. இரண்டுமே நல்ல கேள்விகள். ஒரு பாட வேளைக்குள் கரும்பலகையில் எப்படிக் காட்டலாம்?

சாக்பீஸ் டீச்சர் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, அட்டவணையை அழிச்சிட்டு வரைபடத்துல ஆரம்பிங்க. கிடைக்கோட்டில் நாள்கள்: 0, 3, 7, 14, 28. செங்குத்தில் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அளவு. வெள்ளைச் சாக்பீஸால் தடுப்பூசிக் கோட்டை இழுங்க. முதல் ஏழு நாள் தரையோடு தரையாகக் கிடக்கும், அப்புறம் ஏறும், 14-ஆம் நாள் வாக்கில் நல்ல உயரத்துக்கு வந்துவிடும். தடுப்பூசியில் உள்ள கொல்லப்பட்ட வைரஸை உடல் அடையாளம் கண்டு, பி செல்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) பெருகி, பிளாஸ்மா செல்களாகி எதிர்ப்பொருளைச் சுரக்க அவ்வளவு நாள் பிடிக்கும்.

சிவப்புச் சாக்பீஸ் இம்யூனோகுளோபுலினுக்கு, அதாவது கடிவாயில் போடும் தயார்நிலை எதிர்ப்பொருளுக்கு. அது 0 நாளிலேயே உயரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். மனித ஐஜி-ஜி (இரத்தத்தில் அதிகம் உள்ள எதிர்ப்பொருள் வகை) என்றால் ஏறக்குறைய 21 நாளில் பாதியாகும். கிருமியை நினைவில் வைத்து அடுத்த முறை வேகமாக எதிர்க்கும் நினைவு செல் எதுவும் மிஞ்சாது. வெள்ளைக் கோடு படுத்துக் கிடக்கும் அந்த ஒரு வார இடைவெளியைச் சாய்கோடு போட்டு நிரப்பச் சொல்லுங்க. முதல் பையனின் கேள்விக்கு அந்த இடம்தான் பதில். சிவப்புக் கோடு இறங்கிய பிறகு காவலுக்கு யார் என்று கேளுங்க, அந்தப் பிள்ளைக்கும் பதில் கிடைத்துவிடும்.

வைரஸ் கடிவாய்த் தசையில் இருக்கும்வரைதான் எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எட்டாது, மூளையை நோக்கி ஏறிவிடும். இதைச் சொல்லாவிட்டால் 'ஏன் கடிவாயிலேயே குத்தணும்' என்பது விளங்காமலே போகும்.

சான்று கேட்கும் பிள்ளைகளுக்கு: 1885-இல் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குப் போட்டது தடுப்பூசி மட்டும்தான். 1954-இல் ஈரானில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் குதறியது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். எதிர்ப்பொருள் உள்ள சீரமும் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்த்துப் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவர்தான்.

ஊசிமுனை (செவிலியர், அம்பாசமுத்திரம்):
டீச்சர் சொன்னது சரி. ஊசிக்கு முந்தின வேலையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க, சார். கடிபட்டதும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். வைரஸுக்கு வெளியே கொழுப்புறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். தோலின் கொழுப்பு பற்றி ஏற்கெனவே படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. புண் எரிந்து ரணமாகும், வைரஸ் உள்ளே போக நாமே வழி திறந்துவிட்ட மாதிரி.

எல்லாக் கடிக்கும் இம்யூனோகுளோபுலின் கிடையாது. காயமில்லாத தோலை நக்கினால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். இரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி மட்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டாலோ இரண்டும்.

அளவு: மனித இம்யூனோகுளோபுலின் உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்தது 40 அலகு. 20 கிலோ பிள்ளைக்குக் குதிரை வகை 800 அலகு. மில்லிக்கு 300 அலகு உள்ள குப்பி என்றால் 2.7 மில்லி அளவில் வரும். கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் இறக்கணும். காயங்கள் அதிகமாகி மருந்து பற்றாவிட்டால் சலைனில் (உப்புநீர்) கலந்து அளவைக் கூட்டலாம், மருந்தின் அலகைக் கூட்டக்கூடாது. கூட்டினால் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பொருளே தடுப்பூசியின் ஆன்டிஜெனை (உடல் அடையாளம் காணும் வைரஸ் பகுதி) மறைத்து, உடல் தானாகச் செய்யவேண்டியதைக் குறைத்துவிடும். தடுப்பூசியையும் இம்யூனோகுளோபுலினையும் ஒரே சிரிஞ்சிலோ ஒரே இடத்திலோ போடாததும் அதனால்தான். தடுப்பூசி தொடங்கி ஏழு நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. டீச்சரின் வெள்ளைக் கோட்டைப் பாருங்க, காரணம் அங்கேயே இருக்கு.

தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் இரண்டு மேற்கையிலும் 0.1 மில்லி வீதம். ஊசி சரியாக இறங்கினால் கொசு கடித்த மாதிரி ஒரு குமிழ் எழும்பும். எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது, பக்கத்தில் மறுபடி போடணும். தோலில் ஆன்டிஜெனைப் பிடித்துக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் நிறைய, ஆகவே இந்தக் கொஞ்ச அளவே போதும். தசையில் போடுவதானால் தோளில், சின்னப் பிள்ளைக்குத் தொடையின் முன்பக்க ஓரத்தில். புட்டத்தில் கூடவே கூடாது, அங்கே கொழுப்பில் தங்கிவிடும்.

வயக்காடு (கடையம்):
பாம்புக்கடி மருந்தையும் சேர்த்துக்கோங்க, அண்ணாச்சி. வாழைத்தோட்டத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த விஷயம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் விஷத்தையும் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரைக்குக் கிடைப்பது செயலாக்க வகை. அதன் சீரத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளைப் பெறும் மனிதனுக்கு மந்தமான வகை. ஒரே மருந்தில் இரண்டும் வந்துவிடுகிறது. அடுத்த வருஷம் கடித்தால் மறுபடியும் மருந்து ஏற்றத்தான் வேணும், நினைவு செல் கிடையாதுல்லா. பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு எடை பார்த்து விஷம் இறக்குவதில்லை. எடைக்கு ஏற்ற இம்யூனோகுளோபுலின் அளவோடு இதை ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் கேள்வியே கேட்கலாம்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. ஒன்று மட்டும். முழுதாக ஊசி போட்டவரையே நாய் மறுபடி கடித்தால்?

ஊசிமுனை:
0, 3 ரெண்டு நாள் மட்டும் தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் வேண்டாம். நினைவு செல்கள் இருப்பதால் எதிர்ப்பொருள் சில நாளிலேயே ஏறிவிடும். வரைபடத்தில் மூன்றாவது கோடாகப் போடுங்க, சார், இந்தத் தடவை தரையில் படுக்காமல். பழைய சீட்டைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க, அது இல்லாமல் வந்தால் முதலிலிருந்து போடவேண்டி வரும்.