தேஜஸ் நெட்வொர்க்ஸ்: டாடா வருவது முன்பே யாருக்கோ தெரியுமா?

அரைக்காசு:
பழைய சார்ட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன், ஒரு விஷயம் உறுத்துகிறது. 2020 மார்ச் சரிவில் 50 ரூபாய்க்கும் கீழே கிடந்த பங்கு, 2021 ஜூலைக் கடைசியில் 230-ஐத் தாண்டி நிற்கிறது. ஜூலை 29 அன்றுதான், டாடா சன்ஸின் பனடோன் ஃபின்வெஸ்ட் 258 ரூபாய் விலையில் உள்ளே வருகிறது என்ற அறிவிப்பு. பெங்களூரில் ஃபைபர், பிராட்பேண்ட் கருவி செய்கிற கம்பெனிக்குத் திடீரென்று இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வந்தது? செய்தி கசிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களுக்கு?

சிவப்பு மெழுகுவத்தி:
அவசரப்படாதீங்க நண்பரே. அந்த ஒன்றரை வருடத்தில் ஏறாத ஸ்மால்கேப்பை (சின்னக் கம்பெனிப் பங்கை)த் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதோடு 2021 பிப்ரவரியில் தொலைத்தொடர்புக் கருவி உற்பத்திக்கு 12,195 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது, ஜூன் 15-லிருந்து 'நம்பகமான' இடத்தில் வாங்கிய கருவியைத்தான் நெட்வொர்க்கில் மாட்டலாம் என்ற விதியும் வந்தது. சீனக் கருவிக்குக் கதவு சாத்தினால் உள்ளூர்க்காரன் பக்கம் பணம் வரத்தானே செய்யும்? இதற்கு உளவாளி எதற்கு.

அரைக்காசு:
சரி, ஒத்துக்கிறேன். ஆனால் கடைசி இரண்டு மாதம்?

மாம்பலம் மாமி:
தம்பி கேட்பதில் நியாயம் இருக்கு. தேஜஸில் அப்போது புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிற முதலாளி, என்றே யாரும் கிடையாது, அப்படிப்பட்ட கம்பெனியை எவராவது வந்து எடுப்பார்கள் என்ற பேச்சு எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒன்று யோசிப்பா. கம்பெனியைக் கைப்பற்ற வருகிறவர் மற்ற பங்குதாரர்களிடமும் வாங்க முன்வருவதுதான் ஓப்பன் ஆஃபர்; பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அந்த விலை முந்தைய 60 வர்த்தக நாள் சராசரிக்குக் கீழே போகக்கூடாது. விலை முன்னாடியே ஏறினால் வாங்குகிறவருக்குத்தான் செலவு. அதனால் கசிந்திருந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து கசிந்திருக்காது என்பது என் கணக்கு. (2017 ஐபிஓவில், அதாவது முதல் பங்கு வெளியீட்டில், 257-க்கு வாங்கி நாலு வருஷம் அடைகாத்தவருக்கு 258-இல் ஒரு ரூபாய் லாபம். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.)

லோயர் சர்க்யூட் லோகு:
வால்யூமை, அதாவது எத்தனை பங்கு கைமாறியது என்பதை, மட்டும் பார்த்துக் கதை கட்டாதீங்க ப்ரோ. டெலிவரி சதவீதம் (அன்றே விற்றுவிடாமல் கையில் எடுத்துக்கொண்ட பங்கின் அளவு) பாருங்க, பல்க் டீல் பட்டியல் பாருங்க. மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருத்தர் ஒரே நாளில் அள்ளினால் அன்று மாலையே பெயர் வந்துவிடும். அதற்குக் கீழே பொறுக்கினால் நம் கண்ணுக்குத் தெரியாது, செபி தோண்டினால்தான் உண்டு. வேறொரு குட்டிப் பங்கில் "வால்யூம் வெடிக்குது, உள்ளே யாரோ வாங்குறாங்க" என்று டெலிகிராமில் ஒருத்தன் சொன்னதைக் கேட்டு நுழைந்தேன். வெடித்தது உண்மை, விற்றது அவன், வாங்கியது நான். லோயர் சர்க்யூட் என்றால் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்க அனுமதித்த கடைசி எல்லை; இந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

அரைக்காசு:
மே, ஜூன், ஜூலை டெலிவரிக் கணக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன். 2024-இல் இது 1,400-ஐத் தாண்டியதே, அதைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம். 300-இலேயே விற்றவன் நான்.