மறு: ‘எதிர்மறை அழுத்த அறுவை அரங்கு’ – வேறு சொல் வேண்டும்

> ‘எதிர்மறை அழுத்தம்’ ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம் ஐயா. ‘நெகட்டிவ் பிரஷர் ஆபரேஷன் தியேட்டர்’, அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதபடி பக்கத்து அறையைவிட அழுத்தம் குறைத்து வைத்த அறுவை அரங்கு, அதற்குத்தானே தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். ஆனால் ‘எதிர்மறை அழுத்தம்’ என்ற சொல்லோடு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் தியேட்டர் நர்ஸ் (எழுதும்போது அறுவை அரங்கு, வாயில் வருவது தியேட்டர்தான்). 2020இல் எங்கள் மருத்துவமனையில் ஓர் அரங்கைக் கொரோனா நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, கதவில் ‘எதிர்மறை அழுத்த அரங்கு’ என்று அச்சடித்து ஒட்டினார்கள். துப்புரவு வேலைக்கு வந்த அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “உள்ளே ஏதாச்சும் கெட்டது இருக்கா சிஸ்டர்?” என்றார். அப்புறம் கதவுக்கு வாளியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். கதவு திறந்து கிடந்தால் அந்த அழுத்தமே நிற்காது. பலகை அதை அவருக்குச் சொல்லவில்லை.

பொருளும் சரியில்லை. வழக்கமான அரங்கில் காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளி, கதவிடுக்கு வழியாக வெளியே கசியவிடுவோம். வராந்தாத் தூசி திறந்த காயத்தில் வந்து விழக்கூடாது என்பதற்காக. நோயாளியின் மூச்சிலேயே தொற்று இருக்கும்போது இதைத் திருப்பிவிட வேண்டும்: உறிஞ்சுவது அதிகம், தள்ளுவது குறைவு. இதற்குக் குறைந்தபட்சம் கேட்கப்படும் வேறுபாடு 2.5 பாஸ்கல், அதாவது கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். சுழியத்துக்குக் கீழே எதுவும் போவதில்லை. பக்கத்து அறையைவிட ஒரு பொட்டு குறைவு, அவ்வளவுதான். இதில் எதிர்மறை எங்கே இருக்கிறது?

> ‘தாழழுத்த அரங்கு’ எனலாம்.

இது எனக்குப் பிடித்தது. தாழ்வு இருக்கும் பக்கம் காற்று ஓடும் என்று கடலூர்க்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வானிலை அறிக்கை நடத்தி முடித்துவிட்டது. ஆனால் மருத்துவமனைக்குள் அழுத்தம் என்றாலே ரத்த அழுத்தம். “தாழழுத்த அரங்குக்குக் கொண்டுபோகிறோம்” என்றால், வெளியே உட்கார்ந்திருக்கும் மகன் “அப்பாவுக்கு லோ பிரஷரா?” என்று எழுந்து வருவார்.

அதனால் அழுத்தத்தை விட்டுவிட்டு, காற்று போகும் திசையைச் சொல்லிப் பெயர் வைக்கலாம் என்கிறேன். பலகை ஒட்டிய மறுநாள் ஊதுபத்திச் சோதனை செய்தோம். கதவை மூடி, வெளிப்பக்கம் நின்று, அடி இடுக்கில் பத்தியைப் பிடிக்க வேண்டும். (உள்ளே ஆக்சிஜனை நிறுத்தியாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.) புகை எங்கள் முகத்துக்கே வந்தது. ஏசி மெக்கானிக் உள்வரும் காற்றைக் குறைத்து, வெளியேற்றும் விசிறியைக் கூட்டிக் கூட்டி, சாயங்காலம்தான் புகை திரும்பிக் கதவுக்கு அடியில் நுழைந்தது. “காத்து இப்ப உள்ள ஓடுது” என்றார் அதே அக்கா. அதற்கப்புறம் அவர் வாளியைக் கதவுப் பக்கமே கொண்டுபோகவில்லை.

எனவே என் முன்மொழிவு: உள்ளோட்ட அரங்கு. வழக்கமானது வெளியோட்ட அரங்கு. அரங்குக்கு மட்டுமல்ல, எந்த அறைக்கும் ஒட்டும். ஹாங்காங்கில் சார்ஸ் தொற்றுச் சமயத்தில் அரங்கையே உள்ளோட்டமாகத் திருப்பினார்கள். எல்லா இடத்திலும் அது முடியாது. அரங்கை வெளியோட்டமாகவே விட்டு, முன்னறையையும் மயக்கம் கொடுக்கும் அறையையும் மட்டும் உள்ளோட்டமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ‘உள்ளோட்ட முன்னறை’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

சுவாசக் குழாயைச் செருகிய பிறகும் எடுத்த பிறகும் காற்று சுத்தமாகக் காத்திருக்கும் நேரத்துக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். மணிக்கு 20 முறை காற்று மாறும் அரங்கில், காற்றில் மிதக்கும் தொற்றுத் துகள்களில் 99 விழுக்காடு நீங்க 14 நிமிடம். 6 முறைதான் மாறும் என்றால் 46 நிமிடம். நாங்கள் “ரூம் ஆறட்டும்” என்றே சொல்லிக்கொண்டோம். ‘ஆறுநேரம்’ போதாதா?

> நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து முன்கூட்டிச் செய்து பார்ப்பதற்கு ‘ஒத்திகை’ இருக்கிறதே.

ஒத்திகையில் எல்லோருக்கும் வசனம் தெரியும். எங்களுக்கு அன்று எதுவும் தெரியாது. திருவிழாவுக்கு முன்னால் சாமி இல்லாமல் தேரை இழுத்து, எந்த முனையில் சிக்குகிறது என்று பார்ப்பார்களே, வெள்ளோட்டம், அதுதான் நாங்கள் செய்தது. முன்னறையின் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பது விதி. பொம்மையோடு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினால், முன்னறை அரையடி குட்டை; பின் கதவு மூடவே இல்லை. நோயாளியோடு நின்றபிறகு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போமோ! நிலைக்கதவைக் கழற்றி, வராந்தாவில் பிளாஸ்டிக் தடுப்பு எழுப்பி, முன்னறையை நீட்டினோம். உள்ளோட்டத்துக்கு முன் வெள்ளோட்டம் என்று டூட்டி அறையில் யாரோ எழுதியும் வைத்தார்கள்.

கவச உடையைக் கழற்றுவதற்குக் ‘களைதல்’ இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம்.

ஒரு சந்தேகம். ‘உள்ளோட்டம்’ மனத்தின் உள்ளோட்டம் என்றும் வழங்குகிறதே, குழப்புமா? இன்னொன்று ஈழத்து நண்பர்களுக்கு: நீங்கள் ‘சத்திரசிகிச்சைக் கூடம்’ என்பீர்கள். ‘உள்ளோட்டக் கூடம்’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?