குதிக்கால் நாண் (கெண்டைத் தசையைக் குதியோடை இணைக்கிற நார்) அறுந்த ஆக்கள் இஞ்சை இருக்கிறியளோ?

வொலிபோல் பைத்தியம்
வாசிகசாலைக் காணியில விளையாட்டு. பந்துக்கு எழும்பினன், குதிக்கு மேல ஆரோ ஓங்கி உதைஞ்ச மாதிரி. திரும்பி "ஏன்ரா உதைஞ்சனி" எண்டு பின்னுக்கு நிண்ட பெடியனைப் பேசிப்போட்டன். அவன் பத்தடி தள்ளி நிக்கிறான்.

ஊண்டி நடந்தன், விரலும் ஆடினது. சுளுக்காக்கும் எண்டு எண்ணெய் பூசி மூண்டு கிழமை போச்சு. முதல் காட்டின இடத்தில எக்ஸ்றே எடுத்து எலும்பு சுகம் எண்டு அனுப்பிச்சினம். பிறகு ஒரு டொக்டர் குப்புறப் படுக்கவிட்டு, பாதம் ரண்டும் கட்டிலுக்கு வெளியால தொங்க, கெண்டையை அமத்தினார். நல்ல கால் பாதம் டக்கெண்டு அசையுது. மற்றது வாழைக்குத்தி மாதிரிக் கிடந்தது. ஸ்கானுக்கு முதலே நாண் அறுந்திட்டுதெண்டு மனிசனுக்கு விளங்கிட்டுது.

தென்மராட்சியான்
எண்ணெயைக் குறை சொல்லாதேங்கோ தம்பி. என்ரை அப்புவின்ரை கை முறிவு பரியாரியார் கட்டித்தான் பொருந்தினது.

வொலிபோல் பைத்தியம்
அண்ணை, எண்ணெயை ஆர் சொன்னது? மூண்டு கிழமையைச் சொல்லுறன். அதுக்குள்ள அறுந்த நுனியள் விலகிட்டுது, வெட்டித்தான் தைச்சவை.

ரீச்சர்அக்கா
எனக்கு வெட்டேல்லை, அடுத்த நாளே போனனான். பாதத்தைக் கீழ நீட்டி பிளாஸ்ரர், பிறகு பூட்சுக்குள்ள குதிக்கு ஆப்பு வைச்சு, ஒவ்வொண்டாய்க் கழட்டினவை. கேக்காட்டிலும் சொல்லுறன்: கெதியாய் மாறட்டும் எண்டு நீங்களாய்க் காலை இழுத்து நீட்டாதேங்கோ, நாண் நீண்டுபோனால் பிறகு நுனிக்காலில எழும்பேலாது. பிளாஸ்ரர் போட்ட காலில கெண்டை வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடன ஆஸ்பத்திரி, நாளத்துக்குள்ள இரத்தம் உறைஞ்சிருக்கலாம். குந்துற கக்கூசுக்குக் கொமட் கதிரை ஒண்டு எடுங்கோ. பூட்ஸ் கழட்டின உடன நல்லூர் மணலுக்குள்ள வெறுங்காலோடை போகாதேங்கோ, முருகன் கோவிக்கமாட்டார். ஓட, பாய ஆறு மாசத்துக்கு மேல செல்லும். பயிற்சி தாற பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுறதை விடுங்கோ.

தனிமரம்
அம்மா பந்தே தொட்டதில்லை. வயசு 71. சளிக்கு ஸ்டீரொயிட் குளிசை, அதோடை சிப்ரோபுளொக்சசின் எண்ட அன்ரிபயோட்டிக். நாலாம் நாள் குசினிப் படி இறங்கேக்கை 'டக்'. விறகு முறிஞ்சதெண்டு நினைச்சு நான் திரும்பியும் பாக்கேல்லை. 60 தாண்டினவைக்கு இந்த ரண்டும் சேர்ந்தால் நாண் அறுகிற ஆபத்துக் கூடவாம், பிறகுதான் அறிஞ்சன். மிச்சக் குளிசை இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு.