9,000 வரி சி ஃபைலைப் பிரிக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய சி ப்ராஜெக்ட் ஒன்றில் 9,000 வரிகளும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதை நான்கைந்தாகப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

முதல் முயற்சியிலேயே அடி விழுந்தது. எண்ணிக்கை வைக்கும் ஸ்டாட்டிக் (அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரியும்) வேரியபிள் ஒன்று இரண்டு பக்கமும் தேவைப்பட்டது. அதை அப்படியே, எல்லா ஃபைலும் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில் போட்டேன். கம்பைலரும், ஃபைல்களை இணைக்கும் லிங்கரும் வாயே திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி நகல் உருவாகி, ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் 0 என்றே நின்றது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

சரி, ஒரே இடத்தில் வரையறுத்து ஹெடரில் எக்ஸ்டர்ன் (வரையறை வேறு இடத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பு) போட்டால் அது தீரும். அப்புறம் அந்தப் பெயர் ப்ரோக்ராம் முழுக்கத் தெரியுமே! ஸ்டாட்டிக்கை எடுத்த ஃபங்ஷன்களுக்கும் இதே கதிதான். 'இனிட்' போன்ற பொதுவான பெயர் வேறு ஃபைலிலோ லைப்ரரியிலோ இருந்தால் மோதும். வேறு ஃபைலுக்குப் போன சின்ன ஃபங்ஷன்கள், எல்டிஓ (லிங்க் செய்யும்போது எல்லா ஃபைலையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) போடாவிட்டால், இன்லைன் ஆவதும் (அழைக்கும் இடத்திலேயே ஃபங்ஷனின் கோடு பதிவதும்) நின்றுவிடும்.

எனக்கு அதிகம் பயம் மேக்ரோக்கள்தான், அதாவது கம்பைலுக்கு முன் ப்ரீப்ராசஸர் வேறு எழுத்தாக மாற்றிவைக்கும் பெயர்கள். ஃபைலின் நடுவில் டிஃபைன் செய்து, கொஞ்சம் தள்ளி அன்டெஃப் செய்து (அந்த வரையறையை நீக்கி), வேறு மதிப்போடு மறுபடி டிஃபைன் செய்திருக்கிறார்கள். எந்த வரி எந்த மதிப்பை நம்பியிருக்கிறது என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள்? ப்ரீப்ராசஸர் அவுட்புட்டைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் போதுமா? யாராவது செய்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.