83 என்று இருந்ததைக் காலியிடம் என்று நினைத்தேன்

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்ட்3 கோப்பு முறைமை 2001-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.4.15 பதிப்புடன் சேர்ந்த பிறகு, ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) உள்ள பார்ட்டிஷனுக்கு, அதாவது வட்டின் பகுதிக்கு, தனி அடையாள எண் இருக்கும் என்று எண்ணி, வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியின் பட்டியலை மேலும் கீழும் தேடியவர்களில் நானும் ஒருவன். அப்படி எண் ஏதும் இல்லை. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் 83 ஒன்றுதான். மவுன்ட் செய்யும்போது (பார்ட்டிஷனைப் பயன்பாட்டுக்கு இணைக்கும்போது) கெர்னல் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. பார்ட்டிஷனுக்குள் கோப்பு முறைமையின் விவரங்களைத் தாங்கியிருக்கும் சூப்பர் பிளாக்கைத்தான் படிக்கிறது. ஜர்னல் உண்டா இல்லையா என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே பழைய எக்ஸ்ட்2 பார்ட்டிஷனுக்கு கோப்பு முறைமையின் அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கொண்டு ஜர்னல் சேர்த்தபோது பார்ட்டிஷன் அட்டவணையைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

இதை அறிந்திருந்தும் நான் சறுக்கிய இடம் வேறு. எழுதும் வேகம் கூடட்டும் என்று ஒரு சர்வரில் ஜர்னலை மட்டும் இரண்டாவது வட்டில் தனிப் பார்ட்டிஷனாக வைத்தேன். கோப்பு முறைமையின் பிளாக் அளவே ஜர்னலுக்கும் இருக்க வேண்டும் என்பதைக் கவனமாகச் சரிபார்த்த நான், அடையாள எண்ணை மட்டும் வழக்கம்போல் 83 என்றே விட்டுவிட்டேன். பல மாதங்கள் கழித்து, சர்வரை முறைப்படி நிறுத்தி லைவ் சிடியில் ஏற்றிப் பார்த்தபோது, மவுன்ட் ஆகாத, மவுன்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் இடம்பெறாத ஒரு சிறு பார்ட்டிஷன் கண்ணில் பட்டது. முன்பு எப்போதோ ஒதுக்கி மறந்த காலியிடம் என்று முடிவு செய்து, எண்ணை ஸ்வாப்புக்குரிய (நினைவகத்துக்குத் துணையான வட்டிடத்துக்குரிய) 82 ஆக மாற்றி, ஸ்வாப்பை அமைக்கும் எம்கேஸ்வாப்பையும் ஓட்டிவிட்டேன். ஸ்வாப்பின் தலைப்பும் வெளி ஜர்னலின் சூப்பர் பிளாக்கும் பார்ட்டிஷனின் 1024-ஆவது பைட்டில்தான் தொடங்குகின்றன என்பதால், ஜர்னலின் அடையாளம் அந்த நொடியே அழிந்தது.

அடுத்த முறை சர்வரை ஏற்றியபோது, தரவுப் பார்ட்டிஷன் தன் ஜர்னலைக் காணாமல் மவுன்ட் ஆக மறுத்தது. முறையாக நிறுத்தியிருந்ததால் ஜர்னலில் நிலுவை எதுவும் இல்லை. டியூன்2எஃப்எஸ்ஸைக் கட்டாயப்படுத்தி அந்த ஜர்னல் தொடர்பை நீக்கி, பிழைகளைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே ஓட்டி, உள்ளேயே புதிய ஜர்னலை அமைத்தேன். மின்சாரம் போய் நின்ற சர்வராக இருந்திருந்தால் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பார்ட்டிஷனுக்குள் இருப்பதை அடையாளம் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை ஒரு முறை ஓட்டியிருந்தால் 'ஜேபிடி' (அதாவது ஜர்னல்) என்று சொல்லியிருக்கும், நான் கேட்கவில்லை.

இப்போது புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையான ஜிபிடியையே பயன்படுத்துகிறேன். அதில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 36 குறிகள் வரை பெயர் வைக்கலாம். எந்தத் தரவுப் பார்ட்டிஷனுக்கு உரிய ஜர்னல் என்பதை அங்கேயே எழுதிவிடுகிறேன்.

மறுமொழி:

நண்பரே, கெர்னல் எண்ணைப் பார்ப்பதில்லை என்பது மவுன்ட் செய்வதற்குப் பொருந்தும். ரெய்டுக்கு (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறைக்கு) முழுதாகப் பொருந்தாது. எண் ரெய்டுக்குரிய எஃப்டி (fd) என்றிருந்தால், பூட் ஆகும்போது கெர்னலே ரெய்டைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பி நான் ஒரு நாளை வீணாக்கினேன். அந்தத் தானியங்கி வசதி 0.90 வகை மெட்டாடேட்டாவுக்கு (ரெய்டின் விவரக் குறிப்புக்கு) மட்டுமே உரியது. நான் உருவாக்கியதோ 1.2 வகை. பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ரெய்டுக் கருவியான எம்டிஆட்மின்னைச் சேர்த்த பிறகே அதன் மேல் இருந்த எக்ஸ்ட்4 மவுன்ட் ஆனது.

மற்றொரு மறுமொழி:

ஜிபிடியிலும் ஒரு பள்ளம் உண்டு. வட்டைப் பிரிக்கும் பார்ட்டட் கருவியின் பழைய பதிப்பு, லினக்ஸ் பார்ட்டிஷனுக்கும் விண்டோஸின் அடிப்படைத் தரவு அடையாளத்தையே இட்டுவந்தது. அப்படி அமைந்த என் வட்டை விண்டோஸில் செருகியதும், ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. விண்டோஸைக் குறை சொல்வதற்கில்லை. அதன் அடையாளத்தைத் தாங்கிய பார்ட்டிஷனுக்குள் அதற்குப் புரியாத தரவு இருந்தது. ஜிபிடிக்கான ஜிடிஸ்க் கருவியில் வகையை லினக்ஸுக்குரிய 8300 என்று மாற்றிய பின் அந்தக் கேள்வி வரவில்லை. உள்ளிருந்த கோப்புகளும் அப்படியே இருந்தன.