பத்து மணிக்குள் 300 தட்டு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பள்ளிச் சமையலறை அனுபவங்கள்

வெருலம் சேவைக்குழு

வணக்கம். கட்டணமில்லாப் பள்ளி ஒன்றின் சத்துணவுச் சமையலறைக்குக் கோயில் சார்பில் கைகொடுக்கப் போகிறோம். 300 பிள்ளைகள், இரண்டு கேஸ் அடுப்பு. பீன்ஸ் நாளில் பாதித் தட்டு அப்படியே திரும்புகிறதாம், வேகவே இல்லை என்கிறார்கள். தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் பானைக்காரி

அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தின நாள் சாயங்காலத்தைப் பாருங்கள் தம்பி. பிள்ளைக்கு 30 கிராம் காய்ந்த சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிப் பயறு) என்று வைத்தால் 9 கிலோ. கல்லும் சொத்தையும் பொறுக்கி, இரண்டு தடவை அலசி, 27 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். 8 மணி நேரம் குறைந்தபட்சம், 12 போதும். பள்ளி விட்டதும் 2 மணிக்கே போட்டுவிட்டுப் போனால் காலைக்குள் 16 மணி நேரமாகிவிடும். பிப்ரவரிப் புழுக்கத்தில் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். காவல்காரரிடம் சொல்லி மாலை 6 மணிக்குப் போடச் செய்வதுதான் வழி.

காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். ஒரே பானையில் திணிக்காமல் இரண்டாகப் பிரித்தால் சீக்கிரம் கொதி வரும், அடியில் கிடப்பதும் நசுங்காது. கொதி வந்த பிறகு 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டு பீன்ஸில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி எடுக்க வைக்கும். சிறுதீயில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அது போகாது. பிறகுதான் தீயைக் குறைக்கலாம்.

தக்காளியை முதலிலேயே போடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தப்பு. புளிப்பு பட்டால் தோல் இறுகிப்போகும், அப்புறம் மூன்று மணி நேரம் வைத்தாலும் கடிபடும். வேறு வேறு ஆழத்திலிருந்து ஐந்து பீன்ஸ் எடுத்து விரலால் நசுக்குங்கள். ஐந்தும் மாவாக நசுங்கின பிறகு வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாம். ஒரு வருஷத்துக்கு மேல் சூடான கிடங்கில் கிடந்த பீன்ஸ் என்ன செய்தாலும் வேகாது, மூட்டையில் தேதியைப் பாருங்கள். அவசரத்துக்கு ஆப்பசோடா போடுகிறவர்கள் உண்டு. வழவழத்துப் போகும், பி1 வைட்டமினும் அழியும். வேண்டாம்.

கணக்கு இப்படி: 6:30க்குத் தீ, 7:10க்குக் கொதி, 8:45க்கு வெந்திருக்கும், 9:15க்குத் தாளிப்பு, 9:45க்குத் தட்டு. முட்டைக்கோஸ் கடைசிப் பத்து நிமிடத்தில் போனால் போதும். முன்னாலேயே போட்டு வேகவிட்டால் வரும் கந்தக வாடைக்கே பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். நறுக்கினது 18 கிலோ தேவை என்றால் 22 கிலோவாவது வாங்க வேண்டும், மேல் இலையும் தண்டும் போய்விடும்.

கேஸ் அண்ணன்

அடுப்பு வேகம் குறைகிறது என்றால் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். 9 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் வெளியே வேர்த்து, பனி படர்ந்து, தீ மஞ்சளாகச் சுணங்கும். கேஸ் காலியாகியிருக்காது. அவ்வளவு வேகமாக உள்ளே ஆவியாக முடியவில்லை, அவ்வளவுதான். 48 கிலோ சிலிண்டர் இரண்டைக் கட்டடத்துக்கு வெளியே நிற்க வைத்து இணைத்தால் தீரும். உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். வாடை வந்தால் கதவைத் திறங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பானை வேண்டாம். காரீயம் (lead) கலந்திருக்கலாம், தக்காளிப் புளிப்பில் அது சாப்பாட்டில் இறங்கும்.

சாட்ஸ்வர்த் அக்கா

அன்னதானக் கை வேறு, பள்ளிக் கை வேறு, இதை நம் ஆட்கள் முதலில் மறக்க வேண்டும். கோயிலில் இருக்கிறவரை அள்ளிப் போடுவோம். பள்ளியில் முதல் பிள்ளைக்கு விழுந்த அளவே முந்நூறாவது பிள்ளைக்கும் விழணும். நான்கு பேர் நான்கு சைஸ் கரண்டி வைத்துக்கொண்டு பரிமாறினால் ஏழாம் வகுப்புக்கு வெறும் குழம்புத் தண்ணீர்தான் மிஞ்சும். எல்லோருக்கும் ஒரே 250 மில்லி கரண்டி. வரிசையையும் தினம் மாற்றுங்கள்: இன்று கடைசியாக வந்த வகுப்பு நாளை முதலில்.

காரம் போடாதீர்கள். நம் மசாலாவில் அரைக் கரண்டி மணத்துக்குப் போதும். அங்கே தினமும் சமைக்கிற அம்மாக்கள் சொற்ப உதவித்தொகைக்கு வேலை செய்கிறவர்கள், அந்த அடுப்பு அவர்களுடையது. அவர்கள் கிளறுகிற ஃபூட்டுவை நம் புட்டு என்று நினைத்து ஆவியில் வைக்கப் போகாதீர்கள். பெயர் மட்டும்தான் ஒரே மாதிரி. கொதிக்கிற தண்ணீரில் சோள மாவைக் குவித்து மூடி, பிறகு முள்கரண்டியால் உதிர்ப்பது அது. அந்த மாவில் 2003 அக்டோபரிலிருந்து இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ எல்லாம் சட்டப்படி சேர்க்கிறார்கள். சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. அதனால் தேநீர் வேண்டாம்.

புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் பில்சர்ட் (டப்பாவில் வரும் மத்தி வகை) மீன் நாளில் கோஸ் நறுக்கப் போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மீனைத் தொடுகிறவர்கள் முள்ளை எடுத்து எறியாதீர்கள். டப்பா மீனில் முள் மெத்தென்றிருக்கும், கையால் நசுக்கிக் கலந்தால் சுண்ணாம்புச் சத்து. உப்பின டப்பா, ஓரத் தையலில் நசுங்கின டப்பா இரண்டையும் திறக்கவே வேண்டாம்.

ஃபீனிக்ஸ் பானைக்காரி

அக்கா சொன்னதோடு பாக்கெட்டில் வரும் காய்ந்த சோயா மின்ஸும்: பிள்ளைக்கு அதே 30 கிராம், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், பச்சைத் தண்ணீரிலேயே கரைத்து அப்புறம் அடுப்பு. கொதிநீரில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பானைக்கு மாற்றுங்கள். சுரண்டினால் மொத்தமும் தீய்ந்த வாடை. பாக்கெட்டிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்க்காமல் போடாதீர்கள்.

டோங்காட் தோட்டம்

காய்கறிக்குப் பணம் முட்டும்போது ஆரஞ்சுச் சக்கரைவள்ளி நடுங்கள். நம் குவாசூலு-நட்டால் மாகாணத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 53 பள்ளி நாள் தினம் 125 கிராம் கொடுத்ததில் பிள்ளைகளின் வைட்டமின் ஏ நிலை தேறியது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளைக் கிழங்கில் இந்தச் சத்து கிட்டத்தட்ட இல்லை. வேகவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

30 சென்டிமீட்டர் கொடித்துண்டு, ஒரு மீட்டர் இடைவெளியில் வரப்பு, வரப்பில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. நவம்பரில் நட்டு வேர் பிடித்துவிட்டால் டிசம்பர் விடுமுறையில் ஆளில்லாவிட்டாலும் மழையில் தாங்கும். ஸ்பினாச் தாங்காது.

சாட்ஸ்வர்த் அக்கா

பள்ளிக்குச் சாமான் கொண்டுவரும் சரக்கு வண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. எடை போட்டு, தேதி பார்த்து, வந்ததற்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். 10 மூட்டை என்று எழுதி 8 இறக்கினால் 8 என்று அடித்து எழுதிவிட்டுக் கையெழுத்து. 2023 ஏப்ரலில் நம் மாகாணத்தில் பள்ளி உணவு விநியோகம் குலைந்து பல பள்ளிகளில் சாப்பாடே நின்றது நினைவிருக்கும். அதனால் மூன்று நாளுக்கு வேண்டிய சோயாவும் சோள மாவும் கையிருப்பாக, தரையிலிருந்து உயர்த்திய பலகையில், சுவரை ஒட்டாமல், பழையது முன்னால் இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் எலி போகிற வழி கண்ணுக்குத் தெரியாது.

வெருலம் சேவைக்குழு

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. பள்ளியின் வார உணவுப் பட்டியலைப் பார்த்தேன், பீன்ஸ் திங்கட்கிழமைதான் போட்டிருக்கிறார்கள்.

ஃபீனிக்ஸ் பானைக்காரி

அதுதான் நோய்! ஞாயிற்றுக்கிழமை பள்ளி பூட்டிக் கிடக்கும், யார் ஊறப்போடுவார்கள்? திங்கள் காலை வந்து காய்ந்த பீன்ஸை நேரே பானையில் போட்டிருப்பார்கள். திங்களுக்குச் சோயா, பீன்ஸ் புதன் என்று மாற்றச் சொல்லி உணவுப் பொறுப்பாசிரியர் மூலம் கல்வித்துறைக்கு எழுதுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். பதில் வரும்வரை ஞாயிறு மாலை 6 மணிக்குக் காவல்காரர் சமையலறைச் சாவியோடு இருக்க வேண்டும். 9 கிலோவை வெள்ளிக்கிழமையே பொறுக்கி, எடை போட்டு, மூடியுள்ள வாளியில் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவர் வேலை.