'நிறக்குருடு' வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்கிழமை அச்சு)

கோபியிலிருந்து, டீச்சர்:

மடற்குழுவினருக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் ஓர் ஆங்கில நாவல் எடுத்திருக்கிறோம். வருங்காலத்தில் நடக்கும் கதை. அந்த ஊரில் ஒருத்தருக்குச் சிவப்பு மட்டும் தெரியும், இன்னொருத்தருக்கு நீலம் மட்டும், சிலருக்கு எதுவும் தெரியாது, உலகமே சாம்பல். இருபது வயதில் ஒரு சோதனை வைத்து, எந்த நிறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, அதன்படிதான் வேலை, கல்யாணம், மரியாதை எல்லாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன், வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். நிறத்தைக் காணும் அந்த ஆற்றலுக்கு ஒரு பெயர் இல்லாமல் தவிக்கிறேன். பாடப்புத்தகத்தில் 'நிறக்குருடு' இருக்கிறது, அது இல்லாததைச் சொல்கிறது. இருப்பதைச் சொல்ல? இப்போதைக்கு 'நிறங்களைக் காணும் திறன்' என்று போட்டிருக்கிறேன். அது முதல் பக்கத்திலேயே பதினான்கு தடவை வருகிறது, எனக்கே சலிப்பாக இருக்கிறது.

பவானியிலிருந்து, புலவர்:

அம்மணி, சொல் இல்லை என்று தமிழில் சொல்லக் கூடாது, நாம் தேடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்று தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது. ஆகவே குருவுணர்வு. அது வேண்டாமென்றால் நிறங்காண்மை. நிறம் மகர ஈறு; மகரம் கெட்டால் நிறக்காட்சி, இனமாகத் திரிந்தால் நிறங்காண். நன்னூல் இரண்டுக்கும் வழி விட்டிருக்கிறது. இன்னொன்று, பழைய பாட்டில் நிறம் என்றால் மார்பு. மார்பில் வேல் தைத்தால் நிறத்தில் தைத்தது என்பார்கள். நிறைந்து நிற்பதால் நிறம், மார்பும் அப்படியே என்பது என் துணிபு, இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கோபி டீச்சர்:

ஐயா, தனி மடலே போதும். குருவுணர்வு என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் ஆசிரியர் தினக் கட்டுரை என்று நினைத்துக்கொள்வார்கள். நிறங்காண்மையை வாய்விட்டுப் படித்தால் ஆண்மைதான் காதில் விழுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன்:

ஆண்மை வேண்டவே வேண்டாங்க. நிறம் பிரித்தறிய முடியாமல் போவது ஆண்களுக்குத்தான் அதிகம். ஐரோப்பிய வழி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர், பெண்களில் 200-க்கு ஒருவர். சிவப்பு, பச்சைக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வரும் வினை. அதோடு 'குருடு' என்பதை நான் எதிர்க்கிறேன். புள்ளிப் படத்தில் எண் தெரியாத ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவன் அம்மாவிடம் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிவிட்டேன், அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. நானும் அந்த நாவலைப் படித்திருக்கிறேன், ஒரு சந்தேகம் உண்டு, பிறகு எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து, சாயப்பட்டறை லேப்:

ஏனுங்க, இத்தனை பேர் பேசறீங்க, நாள் முழுக்க நிறம் பார்க்கிறவனை ஒருத்தரும் கேட்கலையே. எங்களுக்கு அது ஷேடு. லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) எடுத்து லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சம் மாதிரி எரியும் டி65-இல் ஒரு தடவை, கடை டியூப் லைட் மாதிரி எரியும் டிஎல்84-இல் ஒரு தடவை பார்ப்போம். ஒரு விளக்கில் அச்சு அசலாகப் பொருந்தும் துணி, இன்னொரு விளக்கில் வேறு துணி மாதிரி நிற்கும். நேவி புளூ இரண்டு லாட், டியூப் லைட்டில் சரி என்று நானே கையெழுத்துப் போட்டேன், வெயிலில் கொண்டுபோனால் ஒன்று செம்பு அடிக்கிறது. அந்த மாதச் சம்பளம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஆகவே நிறம் கண்ணில் மட்டும் இல்லீங்க, பாதி விளக்கில் இருக்கிறது. 'ஷேடு பார்வை' என்று போடுங்க, திருப்பூர் முழுக்கப் புரியும்.

புலவர்:

திருப்பூருக்குப் புரியும், தமிழுக்கு? சாயல் என்று அழகான சொல் இருக்கிறது. சாய் என்ற வேரிலிருந்து சாயல், சாயம், சாயுங்காலம்...

கோவையிலிருந்து:

சாயங்காலத்தில் உள்ள சாயம் வடசொல் ஐயா, அதை விட்டுவிடுங்கள். நான் சொல்வது 'வருணப் பார்வை'. வருணம் என்றால் நிறமும் உண்டு, பிறப்படுக்கும் உண்டு. கதையே அதுதானே? ஆங்கிலக்காரருக்குக் கிடைக்காத இரட்டைப் பொருள் நமக்குச் சும்மா கிடைக்கிறது.

(இதற்குப் பிறகு 'வண்ணம்' தமிழா வடமொழியா என்று பதினோரு மடல்கள் ஓடின. மட்டுறுத்துநர் தலையிட்டார்.)

காங்கேயத்திலிருந்து, தோட்டத்துக்காரன்:

சாம்பல் ஆட்களுக்கும் ஒரு பேர் வேணும்ல? எங்க மாட்டில் சாம்பல் என்றால் மயிலை. ஆனால் மயிலைக் காளை என்றால் இங்கே மதிப்பே வேறு, கதையில் அவர்கள் அடிமட்டமாம், ஒத்துவராது. கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாசம் போனால் மயிலை ஆகிவிடும். கன்றின் நிறத்தைப் பார்த்து விலை பேசினவன் ஏமாந்தான். அந்தக் கதைக்காரர்கள் இருபது வயசு வரை பொறுத்திருப்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. சிவப்பு மட்டும் காண்கிறவனைச் 'செங்காணி' என்று சொல்லலாமா?

புலவர்:

சொல்லாதீர்கள். கொங்கில் காணி என்றால் நிலவுரிமை, கோயில் உரிமை. செங்காணி எந்தக் கூட்டத்துக் (குலத்துக்) காணி என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். காணி என்றால் எண்பதில் ஒரு பங்கும் கூட, மா இருபதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அந்தச் சோதனை மார்க்கை இந்தக் கணக்கில் எழுதினால், 'சிவப்பு முக்காலே மூன்று மா'... ஆகா!

பொள்ளாச்சி:

என் சந்தேகத்துக்கு வருகிறேன். கண்ணில் கூம்புச் செல்கள் நிறத்துக்கு, குச்சிச் செல்கள் மங்கல் வெளிச்சத்துக்கு. பிறவியிலேயே கூம்பு வேலை செய்யாதவர்களுக்கு நிறமே தெரியாது, பகல் வெயில் கூசும், ஆனால் அந்தியில் அந்தக் கூச்சம் இல்லாமல் நன்றாகப் பார்ப்பார்கள். அப்படியானால் கதையில் சாம்பல் ஆட்களுக்கு ராத்திரி சொந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அங்கேயோ ஊரே இருட்டில் ஒன்றும் தெரியாமல் நடுங்குகிறது. அப்போது இது பிறவிக் கோளாறு இல்லை, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது, பழக்கித்தான் கெடுத்திருக்கிறார்கள் என்கிறாள். எதுவானாலும் குருடு, குறைபாடு, தடை என்று ஒரு சொல்லைப் போட்டால் நாம் முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அணுக் கொள்கை சொன்ன விஞ்ஞானி டால்டனுக்கே நிறம் பிரித்தறிய முடியாது; 1794-இல் தன் கண்ணைப் பற்றியே பேசியபோது, உள்ளே இருக்கும் நீர் நீலமாக இருக்கும், அதனால்தான் என்றார். இறந்த பிறகு பார்த்தால் தெளிந்த நீர். 1995-இல் டிஎன்ஏவைப் பார்த்துத்தான் பச்சைக்கான நிறமி இல்லை என்று தெரிந்தது.

கோபி டீச்சர்:

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கோவைக்காரர் சொன்ன வருணமும் இதே காரணத்தால்தான் எனக்கு ஆகவில்லை. சாமர்த்தியமான சொல்தான், ஆனால் வாசகர் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் சொல்லிக் கொடுத்துவிடும். தவிர அங்கே சோதனையில் அப்பனைவிட மகள் மேலே போகலாம், கீழேயும் இறங்கலாம். 'நிறப்புலன்' என்று வைக்கிறேன். கூடுதல், குறைவு, ஒருநிறப்புலன், முழுநிறப்புலன் எல்லாம் அதிலேயே வரும்.

புலவர்:

புலன் ஐந்துதான். நிறம் கண்ணுக்கு உள்ளடக்கம். ஆறாவது புலன் படைக்க நமக்கு உரிமை இல்லை.

கோவை:

ஐயா, தொல்காப்பியச் செய்யுளியலில் புலன் என்று ஒரு வனப்பு (செய்யுளுக்கு உரிய அழகு) இருக்கிறதே, சேரி மொழியால் சொல்லி, ஆராயாமலே பொருள் விளங்கினால் அது புலன். அதன்படி பார்த்தால் திருப்பூர் அண்ணன் சொன்ன ஷேடுதான் அசல் புலன்.

திருப்பூர்:

பாத்தீங்களா!

கோபி டீச்சர்:

வியாழன் ராத்திரி பத்தரை ஆகிறது. நிறப்புலனுக்கு ஆறு பேர், நிறக்காட்சிக்கு இரண்டு, ஷேடு பார்வைக்கு ஒன்று (அவரே). ஆறாவது ஆள் எனக்குத் தூக்கம் வருகிறது என்றுதான் எழுதியிருக்கிறார், அதை ஆதரவாக எடுத்துக்கொண்டேன். சாம்பல் ஆட்கள் சாம்பல் ஆட்களாகவே போகிறார்கள். அனுப்பிவிட்டேன்.

திருப்பூர்:

சரிங்க. ஆனால் நாளைக்கே எங்க பட்டறையில் புதுசாக வரும் பையனிடம் 'உன் நிறப்புலன் எப்படி' என்று கேட்டால் அவன் டாக்டரிடம்தான் போவான்.

புலவர்:

அச்சானது ஆகட்டும். 'ஒருநிறப்புலன்' என்பதில் ஒருமை நிறத்துக்கா புலனுக்கா என்று தெளிவில்லை. இதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.